கிராணி ஐயாவின் தாடி

"ஆகட்டும்" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆறு வருஷம் உத்தியோகம் பார்க்க முடியுமா? எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதின சின்னக் கிராணி பார்த்தார். வெள்ளைக்காரத் தொரை உறுமினால் ஆகட்டும். பெரிய கிராணி ஒரே கடிதாசியை மூன்று தரம் எழுதச் சொன்னால் ஆகட்டும். கூலி ஆட்களை மேய்க்கிற கங்காணி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், அவன் என்ன கேட்கப் போகிறான் என்று தெரியும் முன்பே ஆகட்டும். வாசலில் நாய் வந்து வாலாட்டினால்கூட அதற்கும் ஒரு ஆகட்டும் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். பேரைச் சொல்ல மாட்டேன். எங்கேயாவது நல்லபடியாக இருக்கட்டும் அந்தக் குடும்பம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் தாண்டி வந்த சீமையில், சுவா என்ற சின்ன ஊரைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் சவரத் தொழில் செய்தார், நான் பிரசவம் பார்த்தேன். எங்கள் ஜாதியில் அப்படித்தான். ஆம்பிளைகளின் முகம் புருஷனுக்கு, பொம்பளைகளின் வயிறு பெண்டாட்டிக்கு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கூலிக் குடும்பங்கள் வரிசை வீடுகளில் இருந்த லயத்து ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சவரம். பலா மரத்தடியில் வரிசையாகக் குந்திக்கொள்வார்கள். ஆபீஸ் ஆட்களுக்கு அப்படி இல்லை. தினமும் பெரட்டு மணி அடித்து ஆட்களை வரிசையில் நிறுத்துவதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராணி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். தொரை பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும் மேஜையைப் பார்க்க மாட்டார், கிராணிமாரின் தாடையைப் பார்ப்பார். ஒருநாள் பெரிய கிராணிக்குக் காதுக்குக் கீழே நாலு மயிர் விட்டுப்போச்சு. "வீட்டுக்குப் போ. மூஞ்சிய எடுத்துக்கிட்டு வா" என்று விரட்டினார். அன்று என் வீட்டுக்காரர் பெரிய கிராணியிடம் வாங்கிய வசவு இருக்கிறதே, அப்பப்பா!

இதிலே வேடிக்கை என்னவென்றால், அதே ஆபீஸ் வாசலில் காவலுக்கு நின்ற பஞ்சாபி ஜாகாவுக்கு நெஞ்சுவரை தாடி. தொரை அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். வெளியே நிற்கிறவனுக்கு அது அழகு, உள்ளே உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அது அழுக்கு. கூலிக்காரன் தாடி வைத்தானா எடுத்தானா என்பது தொரை கண்ணுக்கே தெரியாது.

சின்னக் கிராணிக்கு அந்த மழுமழு முகத்தில் பெருமை உண்டு. சவரம் முடிந்ததும் புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "பட்டு மாதிரி இருக்குப்பா" என்பார். தினமும் சொல்வார். என் வீட்டுக்காரரும் தினமும் அதைப் புதுசாகக் கேட்கிற மாதிரி பூரித்துப்போய்த் திரும்பி வருவார். இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

இல்லை என்று சொல்ல வராத மனுஷனால் என்ன பாடு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். லயத்தில் ஒரு வீடு காலியாச்சு. அதை இரண்டு குடும்பம் கேட்டது. இரண்டு பேருக்கும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். ஒரே சாயங்காலம் இரண்டு குடும்பமும் சட்டி பானை, பாய், கோழிக்கூடையோடு வந்து நின்றது. பொம்பளைகள் சண்டை போட்ட சத்தம் தொரை பங்களா வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? ஒரு குடும்பத்தைத் தன் வீட்டு அடுப்படியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். பத்து நாள் இவர் பெண்டாட்டி வேறு வீட்டுக் கோழிகளுக்கு நடுவில் சோறு பொங்கினாள். ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை, புண்ணியவதி.

அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் இருந்திருந்தால் கிராணி வீட்டு அம்மா மருத்துவச்சியை அக்கா என்பாளா? கடல் தாண்டி வந்த இடம், தாய் இல்லை, கூடப் பிறந்தவள் இல்லை, அதனால் நான் அக்கா ஆனேன். முதல் பிள்ளை ஆறாம் மாசத்திலேயே போய்விட்டது. இரண்டாவது முழுசாகப் பத்து மாசமும் இருந்து, ஆண் பிள்ளை, என் கையில் வந்து விழுந்தது. அழவில்லை. நான் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன், வாயில் ஊதினேன், தெரிந்ததெல்லாம் செய்தேன். அழவே இல்லை.

அப்போது அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "ஏன்க்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். வாசல் நடையில் லயத்துப் பொம்பளைகள் நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால், கைராசி கெட்டவள் என்று அந்த நாலு பேரும் விளக்கு வைப்பதற்குள் தோட்டம் பூராவும் பரப்பிவிடுவார்கள். பிறகு என்னை யார் கூப்பிடுவார்கள்? வாய் முந்திக்கொண்டது.

"உம் புருஷன் தினமும் மூஞ்சியில கத்தி வச்சா புள்ள எப்படித் தாயி தங்கும்?" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளை உண்டான வீட்டில் புருஷன் முடியும் தாடியும் எடுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான், நானாகக் கட்டிவிட்டதில்லை. லயத்தில் ஒருத்தன் தாடி விட்டால், "எத்தன மாசம்டா?" என்றுதான் கேட்பார்கள். தாடி நீளத்தைப் பார்த்தே பெண்டாட்டிக்கு எத்தனையாவது மாசம் என்று சொல்கிற கிழவர்கள் இருந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் மட்டும் தொரைக்குப் பயந்து அந்த வழக்கத்தை விட்டிருந்தார்கள். பெரிய கிராணி ஒருநாள் தவறாமல் சவரம் பண்ணிக்கொண்டவர்தான், அவருக்கு அஞ்சு பிள்ளைகள், அத்தனையும் கல்லுக்குண்டு மாதிரி. அது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சின்னக் கிராணி சவரம் முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டார். "பட்டுன்னு சொல்றதே இல்ல இப்பல்லாம். என் கையில எதும் கொற இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். நான் வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது உண்டான சமயம், ரப்பர் விலை அடியோடு படுத்துக் கிடந்த காலம். பால் வெட்டு பாதி நின்றுபோச்சு. ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு கிராணி வைத்துக்கொள்ளுமளவுக்கு இனி வேலை இல்லை, ஒருத்தர் போக வேண்டியதுதான் என்று தொரையே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். யார் எப்போது தப்புப் பண்ணுவார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரம் பார்த்து, நாலு மாசம் முடிந்ததும், அவள் புருஷனிடம், "இந்தத் தடவையாச்சும் கத்தி வைக்காதீங்க" என்று கேட்டாள். அவர் வேறு என்ன சொல்வார்?

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் தொரை அவர் தாடையைப் பார்த்தார். ஆபீஸ் பெருக்குகிறவள் வந்து எங்களிடம் அப்படியே நடித்துக் காட்டினாள்.

"என்னா இது? நாளைக்கு இருக்கக் கூடாது."

"ஆகட்டும் தொரை."

மறுநாளும் தாடி அங்கேயேதான் இருந்தது. தொரைக்கு முகம் சிவந்துபோச்சாம். "நீ சீக்காளியா?" என்று கத்தினாராம். இவருக்குத்தான் எதிர்த்துப் பேச வராதே. "ஆமாங்க தொரை" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு ஆமாவில் எல்லாரும் போய் மாட்டினோம்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கங்காணியும் அதைத்தான் சொன்னான். "சாமிக்கு வேண்டுதல்னு சொல்லுங்க ஐயா, ஜாகாவுக்கு மட்டும் சாமி இருக்கா என்ன?" ஆனால் ஆறு வருஷமாகச் சவரம் பண்ணிக்கொண்டு வந்து நின்றவருக்குத் திடீரென்று எந்தச் சாமி வந்தது என்று தொரை கேட்க மாட்டாரா? பெண்டாட்டி உண்டாயிருக்கிறாள் என்று சொல்லலாமென்றால் அவள் விடவில்லை. ரெண்டு போன வயிறு, வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயந்தாள். தோட்டம் பூராவும் தாடியைப் பார்த்தே மாசத்தை எண்ணிக்கொண்டிருந்தது. தொரை ஒருத்தருக்குத்தான் தெரியாது.

சீக்கு என்று சொல்லியாச்சு, சீட்டு வேண்டுமே. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரெசரிடம் போய் நின்றார். டிரெசர் நல்லவர்தான், இளகின மனசு. தாடையில் சொறி, சவரக் கத்தியால் வந்தது, ஆறும்வரை கத்தி படக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தொரை அதைப் படித்தார். சின்னக் கிராணியை விட்டுவிட்டார். ஆனால் அவரும் ஒன்றும் முட்டாள் இல்லை. கத்தியால் வந்த சீக்கு என்றால் யாருடைய கத்தி? அதே கத்திதானே லயம் பூராவும் போகிறது?

அன்று மத்தியானமே ஜாகா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கத்தி, சாணைக்கல், தோல்வார், கிண்ணம் எல்லாவற்றோடும் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சீக்குப் பிடித்த கத்தி. இருபது வருஷம் ஒருத்தன் கன்னத்திலும் ஒரு கீறல் விழாத கை என் வீட்டுக்காரருடையது. மனுஷன் திண்டாடிப்போனார். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சின்னக் கிராணி வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, இது நியாயமா? உங்க மொகத்துக்குச் சீக்குன்னா சொல்லிக்கோங்க. எங்க கத்திக்கு ஏன் சீக்கு வரணும்? நாங்க என்ன மண்ணையா திங்கிறது?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு கிராணி, என் முன்னால் எழுந்து நிற்கிறார். "டிரெசர் அப்படி எழுதுவார்னு நெனைக்கலம்மா. நாளைக்குத் தொரைகிட்ட உள்ளதச் சொல்லிடறேன். ஆகட்டும்."

உள்ளே இருந்து அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அஞ்சாம் மாசம், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றாள்.

ஏறின கோபம் அப்படியே இறங்கிவிட்டது. எல்லாரையும் விடுவிக்க என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. "தாடியிலே ஒண்ணும் இல்ல தாயி, அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்." இவ்வளவுதான். அவர் சவரம் பண்ணிக்கொள்வார், வேலை பிழைக்கும், எங்கள் பெட்டி திரும்பி வரும். அப்புறம் அந்தப் பிள்ளை ஏன் செத்தது என்ற கேள்வி என்னிடம் திரும்பி வருமே. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்ல வேண்டாங்க ஐயா, நாங்க எப்படியும் சமாளிச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெரிய மனசுக்காரி என்று அவர் நினைத்திருப்பார்.

என் வீட்டுக்காரர் ஒரு பழைய கத்தியை மடியில் கட்டிக்கொண்டு சுவாவுக்கு நடந்துபோய், அங்கே ஒரு முஸ்லிம் கடைக்காரர் கடையோரத்தில் உட்கார இடம் கொடுத்ததால், வருகிறவர் போகிறவருக்குச் சவரம் பண்ணிப் பிழைத்தார். தோட்டத்திலோ ஒரு மாசத்தில் நிலைமை சிரிப்பாய்ச் சிரித்தது. நாவிதர் இல்லை, எல்லாருக்கும் தாடி. பெரட்டுக் களத்தில் வரிசையாகத் தாடி. "ஏண்டி, தோட்டம் முச்சூடும் ஒரேயடியா உண்டாயிருக்கீங்களா?" என்று பொம்பளைகள் கேலி பண்ணினார்கள். கல்யாணம் ஆகாத பையன்கள் பாடுதான் பெரும்பாடு. பெரிய கிராணி மட்டும் தானே கண்ணாடி வைத்துச் சவரம் பண்ணிக்கொண்டு, முகமெல்லாம் வெட்டுக் காயத்தோடு ஆபீஸுக்குப் போனார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் வயிற்றைத் தடவிப் பார்க்கப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன்.

எட்டாம் மாசம் முடிகிற சமயம் வெளியிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். தொரை சின்னக் கிராணியைக் கூப்பிட்டுக் காட்டினார். டாக்டர் தாடியை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு, சொறியும் இல்லை ஒன்றும் இல்லை, நல்ல தோல் என்று சொல்லிவிட்டார். அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள். தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழே ஒரு முக்காலி. வேலைக்குப் போகவேண்டிய ஆட்கள் போகாமல் நின்றார்கள். தொரை மேல்படியில், இடுப்பில் கை. "இங்கே. இப்போ" என்றார். சின்னக் கிராணி, "ஆகட்டும் தொரை" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கோட்டுக் காலரை அவரே மடித்துவிட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் தாடியை நனைத்தார். கத்தியைத் தோல்வாரில் இழுத்தார்.  கத்தியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தபோது சின்னக் கிராணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எடுக்கலாமா என்று கேட்கிற பார்வை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்கிற பார்வை. எடுக்கலாம் என்று நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

நான் குனிந்து செம்பைப் பார்த்தேன்.

அவர் என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். தாடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து நின்றார். "முடியாது தொரை" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருமென்று அங்கே நின்ற ஒருத்தரும் நினைக்கவில்லை.   தொரை, இனி வேலை இல்லை, மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்றார். டிரெசரைத் திட்டியதோடு விட்டார். நல்ல கத்தி என்று டாக்டரே சொன்னதால் பெட்டி எங்கள் கையிலேயே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலா மரத்தடியில் கூட்டம் தாங்கவில்லை.

மாசக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது அவளுக்கு வலி எடுத்தது. நடுப்பகல். பெண் பிள்ளை. வெளியே வந்ததும் வராததுமாகக் காது கிழிய அழுதது. நானும் அழுதுவிட்டேன், அதை மறைப்பானேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க சொன்னது பலிச்சிருச்சுக்கா" என்றாள். நடையில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் கேட்டார்கள். அதற்கப்புறம் சுற்றுவட்டத் தோட்டங்களிலெல்லாம் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. தாடி விடுங்கள் என்று நான் ஒருத்தரிடமும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவர்களே விட்டார்கள்.

பிள்ளை பெற்ற வீடாச்சே என்று பெரிய கிராணி கெஞ்சிக் கேட்டு இன்னும் பத்து நாள் தவணை வாங்கிக் கொடுத்தார். புறப்படுகிற அன்று காலையில் என் வீட்டுக்காரர் போய், சின்னக் கிராணியை வாசலில் உட்காரவைத்து அந்த அஞ்சு மாசத் தாடியை எடுத்தார். மாட்டுவண்டி நின்றது. ரஹாங் என்ற ஊரில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுக்குப் போகிறார்கள், அதற்குப் பிறகு எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. நான் பிள்ளைக்கு உரைமருந்தைத் துணியில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். அவள் வண்டிக்குள் ஏறிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் கத்தியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

புதுச்சவரம் பண்ணின சின்னக் கிராணியின் முகம் யாரோ வேறு ஆள் முகம் மாதிரி இருந்தது. எங்கே கன்னத்தைத் தடவிப் பார்ப்பாரோ என்று பார்த்தேன். தடவவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார்.

"கேளுங்க ஐயா."

"மொத ரெண்டு புள்ளைங்களும் என்னாலதானே போச்சு?" வண்டியில் இருக்கிறவளுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "தினமும் காலையில உக்காந்து, பட்டு மாதிரி இருக்கு, பட்டு மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தேனே. நாந்தானே கொன்னேன்?"

வேலை போனதுக்காக அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு நாளாக இந்த மனுஷன் இதைச் சுமந்துகொண்டா என் முன்னால் எழுந்து நின்றார், கோட்டுக் காலரை மடித்துவிட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்? எனக்குத் தெரியாது ஐயா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. வண்டிக்குள்ளிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

"ஆமாங்க ஐயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.